மருந்தில்லாப் பத்தியம்

பயணக் கட்டுரை எழுத எனக்கு ஒரு தகுதியும் கிடையாது. மன்னித்துவிட்டுப் படியுங்கள். படிப்பு பத்தாவது. தொழில், எரிந்துபோன பம்ப்செட் மோட்டாருக்குச் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டுவது. நாலு பேர் இருக்கும் இடத்தில் பெயரைக் கேட்டாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதோடு, நான் வெளிநாடு போனதும் இல்லை. பயணம் எழுதுகிறவர்கள் எல்லாம் விமானத்தில் ஏறி, பனியைப் பார்த்து, ரொட்டி சாப்பிட்டுவிட்டு வந்து எழுதுகிறார்கள். நான் கீழ்பென்னாத்தூரில் பஸ் ஏறி அடி அண்ணாமலை வரைக்கும் போய்வந்தேன். ஜன்னலோரம் கிடைத்தால் ஒரு கோழித்தூக்கம் போடலாம், அவ்வளவு தூரம்தான்.

ஆனால் போன இடத்தில் பேசிய பேச்சு எனக்குப் பாதிதான் புரிந்தது. சாப்பாடு முழுதாகவே புரியவில்லை. வாசலில் பையைச் சோதனை போட்டுப் பொருளைப் பறித்துக்கொண்டார்கள். வெளிநாடு என்றால் இதுதானே? அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

எனக்கு எம்.எஸ். இருக்கிறது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்பதன் சுருக்கம். சொந்தக்காரர்களிடம் முதலில் இப்படித்தான் சொன்னேன். "எம்.எஸ்.ஸா? அது ஆபரேஷன் பண்ற டாக்டருங்க படிக்கிறதாச்சே" என்றார்கள். பத்தாவது படித்தவனுக்கு எம்.எஸ். எப்படி வந்தது என்று ஒரு சித்தப்பா உண்மையிலேயே யோசித்தார். தமிழில் தண்டுவட மரப்பு நோய் என்று எங்கோ போட்டிருந்தது. அதைச் சொன்னபோது அந்தப் பாதிப் புரிதலும் போய்விட்டது.

சென்னை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். ஒயருக்கு மேலே உறை இருப்பதுபோல நரம்புக்கு மேலேயும் ஓர் உறை உண்டு. உடம்பைக் காக்க வேண்டிய காவல்காரர்களே புத்தி கெட்டு அந்த உறையைக் கடித்துவிடுகிறார்கள். வார்னிஷ் போன காயிலோடு குடும்பம் நடத்துகிறவனுக்கு இது விளங்காமல் இருக்குமா? என் இடது பாதம் எப்போதும் மரத்திருக்கும். சில நாள் வலது கண்ணில் புகை படிந்த மாதிரி தெரியும். மத்தியானமானால் நெல் மூட்டை இறக்கியவன் மாதிரி அசதி வந்து அமுக்கும். காலையும் ராத்திரியும் மாத்திரை.

"இது போனதைத் திருப்பிக் கொடுக்காது. இனிமே போறதைத் தடுக்கும். நீங்களா நிறுத்திடாதீங்க" என்றார் டாக்டரம்மா. கூடவே இன்னொன்றும் சொன்னார். "சூடு மட்டும் உங்களுக்கு ஆகாது."

சூடு ஆகாது என்றதும் என் மச்சான் சேகர் எனக்காகத் தேர்ந்தெடுத்த இடம், சித்திரை மாதத்துத் திருவண்ணாமலை. சாமியே நெருப்பாக நிற்கிற ஊர்.

சேகர் என் மனைவி செல்விக்கு அண்ணன். வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸுக்குப் போகிற வழியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். மிஷின் சூடாகி ஓய்வெடுக்கும் நேரத்தில் போனில் மருத்துவம் படித்தவர். அடி அண்ணாமலைப் பக்கம் ஓர் இயற்கை முகாம் நடப்பதையும், அங்கே சாப்பாட்டாலேயே எந்த வியாதியையும் துரத்திவிடுவதையும் அவர்தான் கண்டுபிடித்தார்.

"மாப்ள, சக்கர நாற்காலில போனவன் ஓடி வந்துருக்கான். நான் வீடியோவுல பாத்தேன்."

"எதுக்கு ஓடி வந்தான்?" என்றாள் செல்வி.

மச்சான் அவளை முறைத்தார். ஒரு வாரம் போய்ப் பார்ப்பதில் என்ன நஷ்டம் என்று என்னைப் பார்த்துக் கேட்டார். எனக்கு எதிர்த்துப் பேச வராது. வராது என்பது பாதி உண்மை. மீதி என்னவென்றால், எனக்கும் ஆசை இருந்தது. மாத்திரை இனிமேல் போவதைத் தடுக்கும், சரி. போன பாதத்தை யார் தருவார்கள்? ஒரு பூசணிக்காய் தரும் என்றால் அதையும் கேட்டுப் பார்ப்போமே என்று இருந்தது.

"போங்க. கீரை தின்னுங்க, பூசணி தின்னுங்க. மாத்திரையை மட்டும் உட்றாதீங்க" என்றாள் செல்வி. சரி என்று தலையாட்டினேன்.

பஸ்ஸில் ஏறும்போதே கால் தடுமாறியது. "காலையிலேயே ஏத்திக்கினு வந்துட்டாம் பாரு" என்று முன் சீட்டில் ஒரு அம்மா பக்கத்து அம்மாவிடம் சொன்னது நன்றாகக் கேட்டது. குடிக்காமலே இந்தப் பெயரை வாங்குவது எம்.எஸ்.ஸில் எனக்குக் கிடைத்த முதல் பட்டம். பஸ் நிலையத்தில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் கூட வந்த மச்சான் கேட்டார்.

"மாப்ள, இன்னொரு செருப்பு எங்க?"

குனிந்து பார்த்தேன். இடது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்று பாதத்துக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பஸ் அதற்குள் போய்விட்டது. எந்த ஊரிலும் ஒற்றைச் செருப்போடு நடப்பவனைப் பைத்தியம் என்பார்கள். திருவண்ணாமலையில் எதிரே வந்த ஒருவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். ஏதோ அரை வேண்டுதல் என்று நினைத்திருப்பார். மச்சான் அவசரமாக என்னை ஓர் ஆட்டோவுக்குள் தள்ளினார்.

ஆட்டோக்காரர் பேச்சுக்கு ஏங்கியவர். "முகாமுக்கா? யாருக்குண்ணா, இன்னா பிராப்ளம்?"

"நரம்பு" என்றேன்.

அவர் கண்ணாடியில் என்னை ஒரு தரம் பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டார். "கல்யாணம் ஆயி எத்தினி வருஷம்ணா ஆவுது?"

பஸ் நிலையத்துச் சுவரெல்லாம் நரம்புத் தளர்ச்சிக்கு நோட்டீஸ் ஒட்டியிருக்கும் நாட்டில் நரம்பு என்று சொன்னது என் தப்புதான். "அது இல்லீங்க, இது வேற நரம்பு" என்றேன். "எல்லாம் ஒரே நரம்புதாண்ணா, கூச்சப்படாதீங்க" என்று அவர் எனக்கு ஆறுதல் சொன்னார். இறங்கும் வரை நான் மலையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

முகாம், கிரிவலப் பாதையை விட்டு உள்ளே போகும் மண் ரோட்டில், கம்பி வேலி போட்ட ஒரு தோப்பு. கீற்றுக் கொட்டகைகள், நடுவில் ஒரு தண்ணீர்த் தொட்டி. வாசலிலேயே முகாமை நடத்துகிற ஐயா நின்றிருந்தார். அவருக்குப் பெயர் இருக்கும், ஆனால் எல்லோரும் ஐயா என்றுதான் சொன்னார்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டு, எலும்பு தெரியும் உடம்பு. முன்னே தண்ணீர் சுத்திகரிக்கும் மிஷின் விற்றுக்கொண்டிருந்தாராம். இப்போது ஆட்களைச் சுத்திகரிக்கிறார்.

"ஆங்கில மருந்து ஏதாச்சும் இருக்குதா?"

சுங்கச் சாவடியில் தங்கம் இருக்கிறதா என்று கேட்பார்களாமே, அந்தக் குரல். நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான் என் பையைத் திறந்து மாத்திரை டப்பாவை எடுத்து அவர் கையில் வைத்துவிட்டார்.

"மருந்தை மடியில வச்சிக்கினு வந்தா இயற்கை கோவிச்சுக்கும். இங்க மருந்துன்ற பேச்சே கிடையாது. பத்தியம் மட்டுந்தான்" என்றார் ஐயா. டப்பா உள்ளே ஒரு இரும்பு அலமாரிக்குள் போனது. சாவி அவருடைய இடுப்புக்குப் போனது.

நான் அந்தச் சாவியையே பார்த்துக்கொண்டு நின்றேன். மச்சான் என் முதுகில் தட்டிவிட்டு, வேங்கிக்காலில் மிஷின் காத்திருப்பதாகச் சொல்லிப் போய்விட்டார்.

எனக்குக் கிடைத்த கொட்டகையில் ஏற்கெனவே ஒருவர் கயிற்றுக் கட்டிலில் சம்மணம் போட்டிருந்தார். கரீம் பாய். தேரடித் தெருவில் ரெடிமேட் கடை. வெள்ளைக்காரர்களுக்கு யானைப் படம் போட்ட பேண்ட் விற்றே நாலைந்து நாட்டு இங்கிலீஷ் கற்றுக்கொண்டவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

"வாபா. புதுசா? இன்னா கேஸு?"

"நரம்பு..." என்று ஆரம்பித்து, உடனே, "அது இல்ல பாய்" என்றேன்.

"எது இல்ல? நான் ஒண்ணும் கேக்கலியே!" என்று சிரித்தார். "எனக்குச் சக்கரை. வூட்ல அத்தினி பேரும் ஒண்ணா சேந்து, பிரியாணி இல்லாத தேசத்துக்கு நாடு கடத்திட்டாங்க."

அந்தத் தேசத்தின் சாப்பாட்டைச் சொல்ல வேண்டும். காலையில் சாம்பல் பூசணிச் சாறு. எங்கள் ஊரில் பூசணிக்காயைத் திருஷ்டி சுற்றி நடு ரோட்டில் உடைப்போம். இங்கே அதை அரைத்து டம்ளரில் ஊற்றிக் கையில் கொடுத்தார்கள். ஊர்த் திருஷ்டியெல்லாம் வயிற்றுக்குள் இறங்கியது. மத்தியானம் ஊறிய அவல், தேங்காய்த் துருவல், முளைகட்டிய பயறு, பச்சையாக ஏதோ ஒரு காய். அடுப்பில் ஏறினால் உணவு செத்துவிடுமாம். உப்பு போட்டால் மறுபடியும் சாகுமாம். சாயங்காலம் உப்பில்லாத கேழ்வரகுக் கூழ். அதை ஊற்றுவதற்கு முன்னால் ஐயா ஒரு பிடி கேழ்வரகைக் கையில் ஏந்தி, இப்படி ஒரு தானியம் இருப்பதாக எங்களுக்கு அறிமுகப்படுத்தினார். களி தின்றே வளர்ந்த கீழ்பென்னாத்தூர்க்காரன் நான். முதல் தடவை பார்ப்பதுபோல ஆச்சரியப்பட்டேன். விருந்தாளிக்கு அதுதானே மரியாதை.

"எல்லா நோய்க்கும் ஒரே காரணந்தான். கழிவு" என்றார் ஐயா. சக்கரைக்கும் கழிவு, மூட்டு வலிக்கும் கழிவு, என் நரம்புக்கும் கழிவு. டாக்டரம்மா பல வருஷம் படித்ததை நினைத்துப் பரிதாபமாக இருந்தது. ஒரே வார்த்தையில் முடிந்திருக்கும்.

குறை மட்டுமே சொன்னால் வாய் வெந்துபோகும். அடுத்த நாளே வயிறு லேசாக இருந்தது. டீக்கடை போண்டா உள்ளே போகாததால் மத்தியான அசதி கொஞ்சம் கம்மியானது. படுத்ததும் தூக்கம் வந்தது. மரத்த பாதம் மட்டும் மரத்தபடியே இருந்தது. அதனிடம் யாரும் கழிவைப் பற்றிச் சொல்லவில்லை போலிருக்கிறது.

செல்வி போன் செய்தாள்.

"சாப்டீங்களா?"

"சாப்ட்டேன்."

"மாத்திரை?"

"ம்ம், சாப்ட்டேன்."

"இன்னா சாப்ட்டீங்க?"

"அவல்."

"நான் மாத்திரைய கேட்டேன்" என்றாள்.

"இங்க சிக்னல் கம்மியா இருக்குது" என்று போனை வைத்துவிட்டேன்.

டப்பாவைத் திருப்பிக் கேட்டுவிட வேண்டும் என்று அப்போதே எழுந்து ஐயாவிடம் போனேன். அவர் திரும்பி, "இன்னா ஏழுமலை?" என்றார். "தண்ணி எங்கங்கய்யா இருக்குது?" என்று கேட்டேன். தொட்டி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில்தான் இருந்தது. காட்டினார். குடித்துவிட்டு வந்தேன். சாயங்காலம் மறுபடி போனேன். அப்போதும் தண்ணீர்தான் குடித்தேன்.

முகாமில் ஒரு வெள்ளைக்கார அம்மா இருந்தார். என் வயதுதான் இருக்கும். ஓலைத் தொப்பி, கையில் ஊன்றுகோல், கழுத்தில் எப்போதும் ஈரத் துணி. பெயர் இங்கா. எங்கள் வீடுகளில் குழந்தை பாலுக்கு அழும் வார்த்தை அது. அவரோ பாலைக் கையால்கூடத் தொடமாட்டார். ஸ்வீடனிலிருந்து வருஷா வருஷம் வருகிறவராம். அவர் நடப்பதைப் பார்த்தேன். இடது காலைக் கொஞ்சம் வீசி, தரையைக் கேட்டுக் கேட்டு வைத்தார். கண்ணாடியில் என்னைப் பார்ப்பதுபோல இருந்தது. பேசத்தான் கூச்சம், மொழியும் இல்லை.

அதற்கடுத்த நாள் எனக்கு வாழை இலைக் குளியல் என்றார் ஐயா. குளியல் என்றதும் தண்ணீர் என்று நம்பிப் போனேன். வெயிலில் பாயை விரித்து, அதன்மேல் என்னைப் படுக்கவைத்து, தலை முதல் கால் வரை வாழை இலையால் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டினார்கள். மூக்குக்கு மட்டும் ஒரு ஓட்டை. சித்திரை வெயில் உச்சியில் நின்றது. வேர்வை ஊற்றியது. இலைக்குள் வேகிற கொழுக்கட்டைக்கு வாய் இருந்தால் என்ன சொல்லும் என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது. கூப்பிடலாமா, கூப்பிட்டால் என்ன நினைப்பார்கள் என்று கூச்சப்பட்டுக்கொண்டே வெந்தேன்.

கட்டை அவிழ்த்தபோது எழுந்திருக்கப் பார்த்தேன். இடது கால் வரவில்லை. வலதும் யோசித்தது. நிமிர்ந்து மலையைப் பார்த்தேன். வலது கண்ணில் மலை கரைந்து வானத்தோடு போய்விட்டது. அவ்வளவு பெரிய மலை.

"ஐயா, காலு வரலீங்க. கண்ணு மங்குதுங்க."

"நல்ல அறிகுறி! கழிவு வெளியேறுது" என்றார் ஐயா. "பழைய பார்வை போனாத்தான் புதுப் பார்வை வரும்."

கழிவு போனதா தெரியாது. கால் போனது நிச்சயமாகத் தெரிந்தது. இனி மோட்டாரைத் தொடவே முடியாதோ, செல்வியிடம் என்ன சொல்வது என்று நினைத்தபோது வேர்வையோடு கண்ணீரும் சேர்ந்துகொண்டது. இரண்டும் உப்பு. முகாமில் அதுதான் நான் ருசித்த முதல் உப்பு.

அப்போது இங்கா ஊன்றுகோலை வீசிப் போட்டுவிட்டு என்னமோ கத்தினார். கரீம் பாய் ஓடி வந்து என் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, நிழலுக்கு இழுத்துப் போய், தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு தலையில் ஊற்றினார். இங்கா தன் கழுத்துத் துணியை நனைத்து என் கழுத்தில் சுற்றினார். ஐயா, இயற்கையின் வேலையில் குறுக்கே போகக்கூடாது என்று தூரத்திலிருந்து சொன்னார். தண்ணீரும் இயற்கைதான் என்பது அவருக்கு அப்போது நினைவில்லை.

உடம்பு ஆற ஆற மலை திரும்பி வந்தது. முதலில் ஓரம், அப்புறம் முழுசாக. கட்டைவிரலை அசைத்துப் பார்த்தேன். அசைந்தது.

இங்கா என் முன்னால் உட்கார்ந்து நீளமாகப் பேசினார். பேசி முடித்ததும் கரீம் பாயைப் பார்த்தேன்.

"இன்னா சொல்றாங்க பாய்?"

"ஜாஸ்தி சொன்னாங்க. சுருக்கமா சொன்னா, நீ ஒரு மடையன்."

"முழுசா சொல்லுங்க."

"அவங்களுக்கும் ஒன் வியாதிதானாம். அதே பேரு. சூடு பட்டா கொஞ்ச நேரம் எல்லாம் மங்கிடுமாம், ஆறினா திரும்பிக்குமாம். பயப்படாதன்றாங்க. அது சரி, மாத்திரை போட்டியான்னு கேக்கறாங்க."

இந்த வியாதியோடு இன்னொரு ஆளை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. எங்கேயோ பனி கொட்டும் ஊரில் ஒரு அம்மாவுக்கும் பாதம் மரத்திருக்கிறது என்று தெரிந்தபோது, அநியாயமாக ஒரு சந்தோஷம் வந்தது. மாத்திரை அலமாரியில் இருக்கிறது என்று கையால் காட்டினேன். இங்கா தலையில் அடித்துக்கொண்டார். அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

வெயில் தாழ்ந்ததும் இங்கா எங்கள் இருவரையும் மண் ரோட்டு முனையில் இருக்கும் சர்பத் கடைக்குக் கூட்டிப்போனார். கடைக்காரர் அவரைப் பார்த்ததும் ஐஸ் பெட்டியைத் திறந்தார். நன்னாரி பாட்டில்களுக்கு நடுவில் ஒரு சின்ன நீலப் பெட்டி. அதில் ஊசி மருந்து. முகாமில் ஃப்ரிட்ஜ் கிடையாது என்பதால் இங்கே வைத்திருக்கிறார்.

"வாசல்ல கேக்கலியா இவங்கள?" என்றேன்.

பாய் கேட்டுச் சொன்னார். "கேட்டாராம். ஆங்கில மருந்து இருக்குதான்னு. இல்லீங்க, இது ஸ்வீடன்ல வாங்கினதுன்னுட்டாங்களாம்."

அந்த முகாமில் ஆங்கில மருந்தை ஒப்படைக்காத ஒரே ஆள், ஆங்கிலம் பேசுகிற அந்த அம்மாதான்.

இங்கா சர்பத் குடிக்கவில்லை. தண்ணீர் குடித்துக்கொண்டே பேசினார். இந்தச் சாப்பாடு தனக்குப் பிடித்திருக்கிறதாம். உடம்பு எடை குறைந்ததாம், தூக்கம், மலச்சிக்கல், அசதி எல்லாம் தேவலையாம். அதனால்தான் வருகிறாராம். "ஆனா கீரைய போய் மருந்தோட வேலைய செய்னு ஒரு நாளும் கேட்டதில்லன்றாங்க" என்றார் பாய். பிறகு கடைக்காரரிடம் காகிதத்தில் கொஞ்சம் உப்பு வாங்கி, ஒரு கல்லை நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணு வெளங்கல ஏழுமலை. எங்கம்மா எனக்குக் காமாலைக்கு மருந்து குடுத்தப்ப பத்தியம் வச்சாங்க. புளி கூடாது, எண்ண கூடாதுன்னு. மருந்து உள்ள போவுது, அதுக்கோசரம் பத்தியம். இவுரு மருந்தப் பூட்டிட்டு பத்தியத்த மட்டும் போடறாரு. மாப்பிள்ளையே வராம கல்யாணச் சாப்பாடு போடற மாதிரி கீது. யாருக்குய்யா கல்யாணம்?"

நான் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகும் அந்த வார்த்தை என்னை விடவில்லை. பத்தியம். வாழ்நாளெல்லாம் சொல்லும் வார்த்தை. மருந்து இல்லாமல் அது வெறும் பட்டினிதானே?

"நீங்க உங்க சக்கரை மாத்திரைய கேட்டீங்களா பாய்?"

அவர் உப்பை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "கேக்கணும்" என்றார். அவருக்கும் தண்ணீர்த் தொட்டி தெரியும் போலிருக்கிறது.

கடைசி நாள் சாயங்காலம் அனுபவப் பகிர்வு. வேப்ப மரத்தடியில் எல்லோரையும் உட்காரவைத்து, ஸ்டாண்டில் ஒரு போனை மாட்டினார்கள். ஒவ்வொருவராக எழுந்து, இயற்கை தங்களுக்கு என்ன செய்தது என்று மைக்கில் சொல்ல வேண்டும். மூட்டு வலிக்கார அம்மா ஒருவர் வலி பாதி போய்விட்டது என்றார். எந்தப் பாதி என்று கரீம் பாய் என் காதில் கேட்டார். அடுத்து ஐயா என்னைக் காட்டினார்.

"நம்ம ஏழுமலை. நரம்பு நோயோட வந்தாரு. வரும்போது ஒத்தச் செருப்பு. இன்னிக்கு ரெண்டு காலும் தரையில." எல்லோரும் கை தட்டினார்கள். ரெண்டு காலும் தரையில்தான் இருந்தன. முகாமில் செருப்புக்கு அனுமதி இல்லை.

கரீம் பாய் என்னைத் தூக்கி நிறுத்தினார். மைக் கைக்கு வந்தது. நாக்கு ஒட்டிக்கொண்டது. தண்ணீர் எங்கே என்று கேட்கத்தான் வாய் போனது. தொட்டியைப் பார்த்தேன். அதற்குப் பின்னால் அலமாரி தெரிந்தது.

"எம் பேரு ஏழுமலைங்க. கீழ்பென்னாத்தூரு. பத்தியம் நல்லாத்தாங்க இருக்குது. வயிறு லேசா இருக்குது. தூக்கம் நல்லா வருது."

ஐயா சிரித்துக்கொண்டே மைக்குக்குக் கை நீட்டினார். நான் விடவில்லை.

"பத்தியம் எதுக்குங்க இருப்பாங்க? மருந்து வேலை செய்யறதுக்குத்தான? என் பங்கு பத்தியத்த நான் இருந்துட்டேங்க. மருந்து உங்க அலமாரில இருக்குது. அத குடுங்க."

ஐயா கையைத் தூக்கி எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். "ஏழுமலைக்கு இன்னும் கொஞ்சம் கழிவு பாக்கி கீது. உக்காருங்க ஏழுமலை."

"உக்கார முடியாதுங்க. யாராச்சும் புடிச்சாத்தான் நான் உக்காருவேன்."

இது பிடிவாதம் இல்லை, நிலவரம். பிடிக்க வேண்டிய கரீம் பாய் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் நான் நின்றேன். ஒரு கையில் மைக், இன்னொரு கை நீட்டியபடி. கால் நடுங்கியது. பார்க்கிறவர்களுக்குக் கோபத்தில் நடுங்குவதுபோல இருந்திருக்கும். அதுவும் நல்லதுதான்.

ஐயா ஸ்டாண்டில் மாட்டியிருந்த போனைப் பார்த்தார். பிறகு இடுப்பில் சாவியைத் தேடினார். டப்பா என் கைக்கு வந்ததும், "ஐயா, அப்டியே என் சக்கரை மாத்திரையும்" என்று கரீம் பாய் எழுந்தார். அவருக்குப் பின்னால் மூட்டு வலிக்கார அம்மா. அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர். பூசணிச் சாற்றுக்குக்கூட அப்படி ஒழுங்காக வரிசை நின்று நான் பார்க்கவில்லை. இங்கா மட்டும் எழுந்திருக்கவில்லை. அவருக்கு அலமாரியில் ஒன்றும் இல்லையே. ஊன்றுகோலால் தரையைத் தட்டினார். அவர் மேலும் ஒரு வாரம் இருந்து பூசணி குடிக்கப் போவதாகச் சொன்னார்.

அன்றைக்குச் சித்திரா பௌர்ணமி. வெளியே வந்தால் ஆட்டோ கிடையாது, பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். கிரிவலப் பாதை முழுக்க ஜனம். நானும் கரீம் பாயும் அந்தக் கூட்டத்தோடு ஊரைப் பார்த்து நடந்தோம். அவர் தோளில் என் கை. வெயில் போய்க் காற்று வந்திருந்ததால் கால் சொன்னபடி கேட்டது. வழியில் யாரோ தொன்னையில் புளியோதரை கொடுத்தார்கள். பாயின் குல்லாவையும் பார்த்தார்கள், என் தள்ளாட்டத்தையும் பார்த்தார்கள், இரண்டு பேருக்கும் ஜாஸ்தியாகவே வைத்தார்கள். முதல் வாயில் உப்பும் புளியும் நாக்கில் பட்டபோது நடக்க மறந்து நின்றேன்.

"பாய், உங்களுக்குச் சக்கரை."

"அதுக்குத்தான் மாத்திரை கீதே" என்றார். பாதியைத் தின்றுவிட்டு மீதியை என் தொன்னையில் போட்டார். "இது பத்தியம்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் செல்வி டப்பாவைத் திறந்து பார்த்தாள். எத்தனை மீதி இருக்கிறது என்று பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, விட்டுப்போன நாட்களைச் சொல்லி, எப்படி மறுபடி ஆரம்பிப்பது என்று கேட்டுக்கொண்டாள். அந்தப் பக்கம் நர்ஸம்மா திட்டியது எனக்கும் கேட்டது. சிக்னல் நன்றாக இருந்தது.

மறுநாள் காலையில் மச்சான் ஒரு வீடியோ அனுப்பினார். என் முகம். "பத்தியம் நல்லாத்தாங்க இருக்குது. வயிறு லேசா இருக்குது. தூக்கம் நல்லா வருது" என்பதோடு முடிந்துவிட்டது. கீழே, மருந்தே இல்லாமல் நரம்புத் தளர்ச்சியை வென்ற கீழ்பென்னாத்தூர் ஏழுமலை என்று போட்டிருந்தது. மோட்டார் கொண்டுவந்த இரண்டு பேர் என்னைக் கடைக்குப் பின்னால் தனியாகக் கூப்பிட்டு முகாமுக்கு வழி கேட்டார்கள். ராத்திரி, மாத்திரையைக் கேழ்வரகுக் களியோடு போட்டுக்கொண்டேன். களியில் உப்பு இருந்தது.